கடலுக்குக் காசு இல்லை

கல்லடிப் பள்ளிக்கூட மண்டபத்தில்
கடலுக்கென்று நாங்கள் ஒரு சதம் செலவழித்ததில்லை.
மங்களேஸ்வரி நெற்றியில் கையை வைத்து
"இரைச்சல் கூடிப்போச்சு கா, தோணி திரும்பாது" என்பாள்.
முன்வரிசைக்காரர்
கால்களைக் கதிரைமேல் எடுத்துக்கொள்வார்கள்.

கல்முனை ஐஸ் முதலாளி உதுமாலெவ்வை
அதையே படமாக எடுத்தார்.
முற்பணம் எழுநூறு ரூபாய்,
மிச்சத்துக்குப் பாரைமீன்.

கமராவுக்கு முன்னால் கடல் தானாகவே வந்து நின்றது.
"அதுதான் தெரியுதே சேர், மறுகா வசனம் எதுக்கு?"
டைரக்டரின் கையில் சிவப்புப் பென்சில்.
பதினாலு பக்கம் அன்றைக்கே போயிற்று.

இரண்டாவது படம் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை.
மூன்றாவதில்
"ம்", "வா", "சரி" என்று எழுதிக் கொடுத்தேன்.
கை தேர்ந்துவிட்டது என்றார்கள்.

இந்த வைகாசியில் திரும்பவும் பழைய நாடகம்.
இரண்டாம் காட்சியில் கரண்ட் நின்றது.
மங்களேஸ்வரிக்கு நெற்றியுமில்லை, கையுமில்லை,
இருட்டுக்குள் குரல் மட்டும்:
"இரைச்சல் கூடிப்போச்சு கா..."

பின்னால் ஒரு கதிரை இழுபடும் சத்தம்.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
உதுமாலெவ்வை,
சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.