பாலிஷ் படாத கேஸ்

ஞாயிறு காலை ஏழரை.
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
கார்களை ஓரங்கட்டி நிற்கிறோம்.
ஐந்து பேர். பதினோரு கடிகாரம்.
ஒருவரும் மணி பார்ப்பதில்லை,
அதற்குத்தான் செல்போன் இருக்கிறதே.

ஃபேர்லேண்ட்ஸ் பல் டாக்டர் இளம்பரிதி
சொத்தை தேடும் அதே லென்ஸைக் கண்ணில் இடுக்கி
ஒரு ரோலக்ஸின் திருகைக் குடைந்துகொண்டிருக்கிறார்.
செவ்வாய்ப்பேட்டை கொலுசு வியாபாரி சிட்டிபாபு
எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பார்.
ஸ்டீல் கடிகாரத்திடம் "டச் எவ்வளவு?" என்பார்.
வாராவாரம் அதே ஜோக்.
வாராவாரம் சிரிக்கிறோம்.
என் பானட்டில் ஏறி உட்கார்ந்த குரங்கு
எங்களைவிட நிதானமாக
ஒரு பிஸ்கட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது.

இன்றைக்கு ஓசூரிலிருந்து புது ஆள், ரெஜினால்டு.
கரடியூரில் மாமனார் எஸ்டேட்டுக்கு வந்தவர்.
மிளகுச் சாக்கு வாசனை விடாத துணியை
மடிப்பு மடிப்பாக அவிழ்த்தார்.
ஒமேகா. அறுபத்தெட்டு மாடல்.
கருப்பு டயல் வெயில் குடித்துக் குடித்து
காப்பிக்கொட்டை வறுபடும்போது, முதல் வெடிப்புக்குச் சற்று முன்,
ஒரு நிறம் வருமே, அதற்கு வந்திருந்தது.

"பாலிஷ் படாத கேஸ் சார்.
கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கு."

இல்லை என்று எனக்குத் தெரியும்.
எட்டுக்குப் பக்கத்தில் ஊசிமுனைப் புள்ளி:
நாலு வருஷம் முன்னால் அது என் கடிகாரம்.
ஆத்தூர் ரோட்டில் என் ஜவ்வரிசி ஆலை.
கிழங்கு லாரி வந்து நின்ற ஒரு மார்ச் விடியலில்
ஷட்டரை இழுத்தபோது
நாலு மணிப் பக்கம், பட்டை மாட்டும் காதில்
விழுந்தது ஒரு கீறல். நெல் நீளம்.
பேங்கில், சாவு வீட்டில், விலை படியாத ஏலத்தில்
கட்டைவிரல் அதைத் தடவிக்கொண்டே இருக்கும்.

இப்போது அங்கே வழவழப்பு.
கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ யாரோ
சக்கரத்தில் பிடித்து
என் மார்ச் மாதத்தை அரைத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

சொல்லிவிடலாம்.
சொன்னால் இளம்பரிதி கேட்பார்,
"உங்களுக்கெப்படித் தெரியும்?"
விற்கும்போது எட்டுப் படம் எடுத்தேன்,
ஜன்னல் வெளிச்சத்தில்,
எட்டும் கீறல் தெரியாத பக்கமாக.
"ஒரு அடி படாதது" என்று எழுதிக் கொடுத்ததும்
நான்தான்.

பனி ஏறி வந்தது.
முதலில் கஞ்சமலை போயிற்று,
பிறகு ஊர்,
பிறகு எதிரே நின்ற டீக்கடையின் பாதி.

"பத்தாயிரம் குறைங்க" என்றேன்.
காரணம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.
சரி என்றார்,
சரி சொல்ல ஆகும் நேரத்தைவிடச் சீக்கிரமாக.
சிட்டிபாபு மட்டும் ஒரு தடவை என்னைப் பார்த்தார்,
கல்லில் உரசிப் பார்க்கிற மாதிரி.

இறக்கம் முழுக்க ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தேன்.
அடிவாரச் செக்போஸ்ட்டில் வண்டி நிற்க,
வலது கட்டைவிரல் தானாகப் போய்
நாலு மணிப் பக்கம் தேடுகிறது.
வழுக்குகிறது.
மறுபடி போகிறது.

கார்டு குனிந்து கண்ணாடியைத் தட்டினார்.
"மேலேருந்து ஏதாச்சும் கொண்டு வர்றீங்களா சார்?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.