ஸ்டார் டெல்டா

"ஸ்டார்ட்டர் மட்டும் நீ பாத்துக்கோ" என்று
தயிர் வாங்கப் போய்விட்டாள் பிரமிளா.
நகரியிலிருந்து இரண்டு குடும்பம், ஏழரை மணிக்கு.
அவள் பள்ளிக்கூடத்து ஆட்கள்.
குழம்பு இறக்கியாயிற்று, கோழி அடுப்பில்.
எனக்கென்று மிச்சம் வைத்தது இந்த ஒரு சொல்.

பொதட்டூர்பேட்டையில் இருபது வருஷமாய்
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்கு
ஸ்டார்ட்டர் என்றால்
பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான்,
உள்ளே கருகிக் கிடக்கும் ஒரு பல்லி.

ஆனாலும் உட்கார்ந்து யோசித்தேன்.
பத்து ஹெச்.பி. மோட்டாரை நேராகப் போட்டால்
ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், ஒயர் புகையும்.
அதனால்தான் ஸ்டாரில் கொஞ்சம் சுற்றவிட்டு
வேகம் பிடித்த பிறகு டெல்டாவுக்கு மாற்றுகிறோம்.
பசித்து வந்தவர்களை நேராகச் சோற்றில் உட்காரவைத்தால்
பத்து நிமிஷம் பேச்சிருக்காது.
அப்புறம் ஏப்பம்.
அப்புறம் செருப்பு தேடுவார்கள்.

வெள்ளரிக்காயை விரல் விரலாய்க் கீறினேன்.
கிளிமூக்கு மாங்காய் ஒன்று, தோலோடு,
உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு கிண்ணியில் தனியாக.
வேர்க்கடலை வேகட்டும் என்று குக்கரில் போட்டேன்,
நாலு விசில், கல்லுப்பு.
காலையில் மீந்த இட்லியை நாலாய் வெட்டி
நெய்யில் புரட்டிக் காரப்பொடி தூவினேன்.
குத்தி எடுக்கக் குச்சி வேண்டுமே!
ஸ்லாட்டில் செருகுகிற மூங்கில் சீவல்
புதுக்கட்டு ஒன்று கடையில் இருந்தது.
வெந்நீரில் அலசி, கூராக்கி,
ஒவ்வொன்றிலும் இரண்டு இட்லித் துண்டு,
நடுவில் ஒரு சின்ன வெங்காயம்.
வார்னிஷ் படாத குச்சிதான். பிரமிளாவிடம் சொல்லவில்லை.

வந்தார்கள்.
செங்கல்ராயன், இந்திராணி, அவர்கள் பையன்.
சுதர்சனம், வனஜாட்சி டீச்சர்.
எங்கள் ஊரில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம்,
சுவருக்குச் சுவர் தறி.
"ரா ரா", "உட்காருங்க", "ஏமண்டி, எவ்வளவு வெயில்"
எல்லாம் ஒரே உச்சத்தில்.

தட்டு கூடத்துக்கு வந்தது, கரண்ட் போனது.

தெருவே ஒரு மூச்சில் அடங்கியது.
இருட்டில் யாரோ வெள்ளரிக்காய் கடித்தார்கள்.
அது அவ்வளவு பெரிய சத்தமாக இருந்தது.
பையன் சிரித்தான், பிறகு எல்லோரும் கடித்தோம்,
வேண்டுமென்றே, மாற்றி மாற்றி.

மெழுகுவத்தி தேடப் போன பிரமிளா
அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.
வனஜாட்சி டீச்சர் பேசிக்கொண்டிருந்தார்.
நூற்றிருபது பிள்ளைகளை ஒரு குரலில் அடக்குகிறவர்,
இப்போது கடலைத் தோல் உரிக்கிற சத்தத்துக்குக் கீழே.
"தொண்டையில கட்டி மாதிரி ஏதோ இருக்காம்.
திங்கக்கிழமை திருப்பதிக்குப் போறோம்.
யார்கிட்டயும் சொல்லல.
சொல்றதுக்கு இந்தச் சத்தத்துல எங்க முடியுது."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சுதர்சனம் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார்,
இட்லி அப்படியே இருந்தது.
இந்திராணி மட்டும் தட்டைத் தடவி
மிளகாய்த்தூள் படாத மாங்காயாய்ப் பார்த்து
ஒன்று எடுத்துக் கொடுத்தார்.
"இது உறைக்காது, தின்னுங்க."

இருபது நிமிஷமோ என்னவோ.
கரண்ட் வந்தது.
நானூறு தறியும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ள,
கண் கூச, எல்லோரும் மறுபடி கத்தினோம்.
"கோழிக்கு உப்பு சரியா?" "சரி, சரி!"
சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.
என்ன சாப்பிட்டோம் என்று இப்போது நினைவில்லை.

போன வாரம் போன் வந்தது.
கரகரவென்று ஒரு குரல், யாரென்றே தெரியவில்லை.
கடையை விட்டு இறங்கி, கரும்புத் தோட்டம் வரை நடந்து,
காதில் அழுத்திக் கேட்டேன்.
"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. இன்னும் பேசக்கூடாதாம்.
அந்த ஸ்டார்ட்டர் எப்படிச் செஞ்சீங்க?
எங்க வீட்டுக்கு நாலு பேர் வர்றாங்க."

சொன்னேன்:
வெள்ளரிக்காய் ரெண்டு. கிளிமூக்கு ஒண்ணு.
பழைய இட்லி, காரப்பொடி, நெய்.
கடலைக்கு நாலு விசில்.
எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு
மெயினை ஆஃப் பண்ணிடுங்க டீச்சர்.