தவளைகள் இல்லாத படம்

மின்மானி வாசிப்பது என் வேலை.
நாளொன்றுக்கு நூற்றிருபது வளவு.
ஆகையால் சொல்கிறேன்,
முதல் நாள் போட்ட படத்தில் அந்த வீடு பொய்.
நிலைக்கு மேலே மானி இருக்கிறது,
உள்ளே மூன்று குண்டு பல்பு எரிகிறது,
சக்கரம் சுற்றவில்லை.
பக்கத்துக் கதிரையில் யோகதாஸ்
"உனக்குப் படம் பார்க்கத் தெரியாது" என்றான்.
இருக்கலாம்.

கரடிப்போக்குச் சந்தியால் திரும்பி
கூட்டுறவுச் சங்க மண்டபம். மூன்று பின்னேரம்.
காசில்லை. வாசலில் கச்சான்.
திரைக்குக் கட்டிய வெள்ளைச் சீலையின் நடுவே
ஒரு தையல்.
கதாநாயகிக்கும், கிராம சேவகருக்கும், ஒரு மாட்டுக்கும்
முகத்தில் அதுவே ஓடியது.

அந்த முதல் படம் வெளிநாட்டிலிருந்து வந்து எடுத்தது.
எட்டு நிமிடம் ஒரு மொட்டைப் பனை.
மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.
நாங்கள் அதை எட்டு நிமிடம் பார்ப்பதில்லை,
மாட்டைக் கட்டுவோம்,
தேர்தல் வந்தால் நோட்டீஸ் ஒட்டுவோம்.
பனைக்குப் பின்னால் ஒரு பெட்டை வாளியோடு போனாள்
கமராவைக் கண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு.
கமரா அவளோடு போயிருக்க வேண்டும்.
அந்தப் படத்தில்
அவளுக்கு மட்டும்தான் அவசரம் இருந்தது.

இரண்டாம் நாள், கடன் வசூலிக்க வருகிறவன் கெட்டவன்.
அவன் படலையைத் தொட முன்பே
வயலின் சொல்லிவிட்டது.
எனக்கு அவர்களைத் தெரியும்.
புதன்கிழமைகளில் ஒரே படலையில் சந்திப்போம்,
அவனுடைய மோட்டார் சைக்கிளும் லீசிங்தான்.
ஆனால் ஒன்று.
அவன் போன பிறகு
அந்தப் பெண் எழும்பிப் போய்
நிறுத்தி வைத்திருந்த மின்விசிறியைப் போடுகிறாள்.
வசனம் இல்லை. விசிறி மெல்லச் சுழலத் தொடங்குகிறது.
என் சைக்கிள் மணிக்கும் அப்படித்தான் நிறுத்துவார்கள்,
போன மாதத்துக் கணக்கு
அதோடு குறைந்துவிடும் என்பதுபோல.
எடுத்தவனுக்கு இது எப்படித் தெரிந்தது?
அந்த விசிறிக்காக வயலினை மன்னித்தேன்.

மூன்றாவது எங்கட பெடியன், உருத்திரபுரம் சதுர்ஷன்,
போனில் எடுத்தது.
காணாமல் போன நாம்பனைத் தேடி
இரவு இரண்டு பேர் போகிறார்கள்.
மோட்டார் சைக்கிளுக்கு லைட் இல்லை,
பின்னால் இருப்பவன் ரோச் பிடிக்கிறான்.
யாரும் எதையும் நினைத்து அழவில்லை.
ஒரு வளைவில் மட்டும்
"அந்தப் பக்கம் விடாத, இன்னும் எடுக்கேல்லை" என்கிறான்.
எதை என்று சொல்லவில்லை.
மண்டபத்தில் ஒருவரும் கேட்கவும் இல்லை.

பத்தொன்பதாம் நிமிடம்
ரோச் மங்கி, அணைந்து,
சீலை முழுக்கக் கறுப்பு.
தவளைச் சத்தம். தூரத்தில் ஒரு நாய்.
யாரோ செருமி, அடக்கினார்.
இருட்டுக்குள் நாம்பன் எங்கோ நிற்கிறது,
மூச்சுக் கூடக் கேட்கிறது என்று நினைத்தேன்.
யோகதாஸ் கச்சான் கொறிப்பதை விட்டிருந்தான்.
இவ்வளவு நேரம் இருட்டை வைத்திருக்க
துணிச்சல் வேண்டும், பெடியன் வருவான்
என்று மனதுக்குள் புள்ளி போட்டேன்.

பிறகு யாரோ போனை வெளிச்சமாக்க
மேலே மின்விசிறிகளும் நின்றிருந்தன.
கரண்ட் போய் எவ்வளவு நேரமோ.
எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்,
"அண்ணை, எப்ப வரும்?"
கம்பத்தில் ஏறுவது என் வேலை இல்லை.
கரண்ட் வரவில்லை.
அரைவாசிப் படத்தோடு கதிரை அடுக்கினோம்.

அடுத்த மாதம் சதுர்ஷன் வீட்டு மானி.
அறுபத்தொரு யூனிற்.
"படம் எப்படி அண்ணை?"
அந்த இருட்டு நல்லது என்றேன்,
அந்தத் தவளைகள்.
"என்ர படத்தில தவளையே இல்லையே" என்றான்.
மிச்சத்தைப் போனில் காட்ட வந்தான்.
இன்னும் நாற்பது வீடு கிடந்தது.
நாம்பன் கிடைத்ததா என்று
படலை மட்டும் போய்த்தான் நினைவு வந்தது,
திரும்பவில்லை.
அடுத்த வீட்டில்
விசிறி நின்ற சத்தம் கேட்டது.