செல்லாது

எங்கள் ஹார்லன் ஃபெரிக்கு அதிகாரம் உண்டு:
முற்றத்துப் புல் பன்னிரண்டு அங்குலம் தாண்டினால் அபராதம்,
நாய்க்கயிறு ஆறடிக்கு மேல் கூடாது,
கிறிஸ்துமஸ் விளக்கு ஜனவரி பத்துக்குள் இறங்க வேண்டும்.
அந்த விளக்குக்கு மின்சாரம் எதை எரித்து வருகிறது
என்று மட்டும் கேட்கக் கூடாது.

மார்ச்சில் ஓட்டெடுப்பு. நாலுக்கு ஒன்று.
அக்கரைப் புகைபோக்கியிலிருந்து காற்று வராத நாளாகப் பார்த்துத்
துணி காயப்போடும் ஒடெல் ட்ரகர்ஸ்
கை தூக்கியபோது
மினிட்ஸில் நேரம் குறித்தேன்: இரவு 9.52.
பத்து வருடத்தில் பாதி மின்சாரம் வெயிலிலிருந்து,
கம்பெனிக்கு ஊர் சொன்னது.
கம்பெனி ஆள் கடைசி வரிசையில்
சூயிங்கம் மென்றபடி இருந்தார். எழுந்து பேசவில்லை.

பேச வேண்டியது இருநூறு மைல் தள்ளி
தலைநகரில் பேசப்பட்டது.
மே மாதம் சட்டம் வந்தது.
எங்கள் பெயர்கூட அதில் இல்லை.
எந்த உள்ளாட்சியும், எந்த வகையிலும், என்று
ஊர்களை எண்ணாமலே வாரிய வலை.

ரப்பர் ஸ்டாம்ப் என் மேஜையில்தான் இருக்கிறது.
பதினான்காம் எண் தீர்மானத்தின் மேல் குத்தினேன்: செல்லாது.
சரியாக விழவில்லை.
இன்னொரு தடவை.

ஆவண விதியைப் புரட்டினேன், அதுவும் மாநிலம் போட்டதுதான்:
ஊர் இயற்றியவை, செல்லாதவை உட்பட,
என்றென்றைக்கும் காக்கப்பட வேண்டும்.
தீப்பிடிக்காத இரும்பலமாரி. கீழ்த்தட்டு.

வீடு திரும்பும் வழியில் பெக்கன் தெரு, இருபத்திரண்டாம் எண்.
புல் அளப்பதும் என் வேலைதான்.
பதின்மூன்று அங்குலம்.
சீட்டு எழுதிக் கதவில் செருகினேன்.
அது செல்லும்.