ஈரத்துக்கு இரண்டு

மேல்டிவிசன் மடுவத்தில் பேர் போடுகிறவள் நான்.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் காலில் தேய்த்து
ஏழாம் நம்பர் மலைக்கு முழுதாகப் போன பேச்சாயி
நாலரைக்கு என் புத்தகத்தில்
பாதியாக வந்து சேர்வாள்.

உயர்தரத்தில் எனக்கு அளவையியல் பி.
பொகவந்தலாவையில் அந்தப் பாடத்துக்கு ஐந்து பேர்தான்.
தகரத்தில் மழை விழுந்தால்
வாத்தியாரின் வாய் மட்டும் அசையும்,
பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வோம்:
ஒன்று, ஒரே நேரத்தில், ஒரே பொருளில்,
அதுவாகவும் அது அல்லாததாகவும் இருக்க முடியாது.
அதற்கு முந்திய பாடவேளை தமிழ்.
அங்கே பகலும் இரவும்
அடுத்தடுத்த அடிகளின் தலையில் நின்றால்
முரண்தொடை என்று மெச்சுவார்கள்.
ஒரு மணியடிப்பில் அழகு பிழையாகும்.
கொப்பியை மாற்றிக்கொள்வோம்.

வாறேன் என்று சொல்லித்தான் எல்லாரும் போகிறார்கள்.
தம்பியும் அப்படித்தான்
வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனான்.
மூன்று தைப்பொங்கல் ஆயிற்று.
அம்மா அந்தச் சொல்லைப் பொய் என்றதில்லை.
அவன் தலையணை உறையை மட்டும்
மாதம் ஒருதரம் துவைத்துப் போடுகிறாள்.

மாசி. மூன்று கிழமையாகத் துளி இல்லை.
பீலியில் தண்ணீர் நூலாய் வருகிறது.
சாக்குக்குள் கொழுந்து சருகு மாதிரிச் சலசலக்கிறது.
தராசு முள் பத்தொன்பதில் நின்றது.
கணக்கப்பிள்ளை சொன்னார்:
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு.
எழுதினேன். பதினாறு. அரைப்பேர்.
அதே வரியில், காலையில் நானே நிரப்பிய
காலநிலைக் கட்டம்: வெயில்.
ஒரே கை, ஒரே பேனை, நடுவில் இரண்டு கோடு.

"என்னா புள்ள, இன்னிக்கி மழையா வெயிலா?"
"வெயில்தான் அக்கா."
பேச்சாயி குனிந்து என் விரலுக்குக் கீழே பார்த்தாள்.
அவளுக்கு எழுத்து வராது, இலக்கம் வரும்.
"அப்ப ஒன் புஸ்தகத்துக்குள்ளதான்
காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணமா?"
வரிசை முழுக்கச் சிரித்தது.
கணக்கப்பிள்ளையும் சிரித்தார்.
ரெண்டு கிலோ திரும்பி வரவில்லை.

வாத்தியார் ஒருநாள் நிறுவிக் காட்டினார்:
ஒரு முரணை ஏற்றுக்கொண்டால் போதும்,
அதிலிருந்து எதையும் வருவிக்கலாம்.
நிலா ஒரு தேயிலைத் தோட்டம்.
அந்தோனிமுத்து துரையின் மருமகன்.
அந்தோனிமுத்து பின்வாங்கிலிருந்து எழுந்து
எங்களைக் கும்பிட்டான்.
ஆறே வரி. எங்கேயும் ஓட்டை இல்லை.

இந்தப் புத்தகத்தில் மாசிக்கு மட்டும்
இருபத்திரண்டு முரண் எண்ணினேன்.
எதையும் தரக்கூடியவை.
ஒரு முழுப்பேரையாவது தரட்டும் என்று
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாசக்கடைசியில் துரை வந்து
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்தார்,
வெயிலுக்கும் ஈரத்துக்கும் சேர்த்து ஒன்றே.

பிறகுதான் வெயில் என்ற சொல்லைக்
கொஞ்சம் பெரிதாக எழுதத் தொடங்கினேன்,
கட்டத்தின் சுவரை இடிக்கிற மாதிரி,
லகரத்தின் புள்ளியைத் தாள் கிழிய அழுத்தி.
அதனால் என்ன ஆகும் என்று கேட்டால் தெரியாது.
புரட்டுகிற யாராவது
அந்த இடத்தில் தடுக்கி விழவேண்டும்,
அவ்வளவுதான் என் ஆசை.

சித்திரையில் மழை வந்தது.
இடுப்புப் படங்கு ஒட்டிக்கொள்ள
பேச்சாயி தொப்பலாக வந்து நின்றாள்.
பத்தொன்பது. சாக்குக்கு ஒன்று. ஈரத்துக்கு இரண்டு.
காலநிலை: மழை.
அரைப்பேர்.

வரியை வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன்.
ஒரு சொல்லும் இன்னொன்றை மறுக்கவில்லை.
வாத்தியார் பார்த்தால்
சிவப்பில் சரி போட்டிருப்பார்.

பேச்சாயி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.
வாசலில் நின்று படங்கைப் பிழிந்தாள்,
வாறேன் புள்ள என்று
லயத்துக்கு இறங்கிப் போனாள்.