விஸ்மார், அடகில்

வியாழன் இரவுகளில்
சைக்கிள் கடைக்கு மேல்மாடியில்
நாங்கள் நால்வரும் ஐரோப்பாவைப் பங்கு போடுவோம்.
நான் ஸ்வீடன்.
ஹென்னிங், மெக்லன்பர்க்.
பிரஷ்யாவான டெட்லெஃப் எப்போதும் தாமதம்.
ருஷ்யாவை எடுத்த ஃப்ராவ்கெ
உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்தபடி
என் எல்லையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கஜானாவில் பதினொரு பொன்.
படைக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
அப்போதுதான் திரையில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது:
இந்தப் பக்கம் என் பொருள்,
அந்தப் பக்கம் அவன் பொருள்,
நடுவில் தராசு.
ஹென்னிங் ஆயிரத்து இருநூறு பொன் வைத்தான்.
எதிர்த்தட்டில் கேட்டது
விஸ்மார்.

நாங்கள் உட்கார்ந்திருந்த ஊர்.
அந்த மேசை, அந்த பீர்,
கீழே மழையில் நனையும் என் சைக்கிள்
எல்லாம் அந்த நாலெழுத்துக்குள்.

மக்கள்தொகை ஆறாயிரம். காவல்படை இல்லை.
உப்பு வரி ஆண்டுக்கு ஒன்பது பொன்.
அதிருப்தி: குறைவு.
நிக்கோலாய் தேவாலயத்துச் செங்கல்
மழை விட்டதும் என்ன நிறமாகும் என்பது
எந்தக் கட்டத்திலும் இல்லை.

"விற்கமாட்டேன். அடகு வைக்கிறேன்."
"அதற்குப் பொத்தான் கிடையாது, வீப்கெ."
உண்மைதான்.
வாங்கலாம், விற்கலாம், மிரட்டலாம்,
பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம்.
அடகுக்கு மட்டும் இடமில்லை.

நிஜத்தில் இருந்தது.
ஆயிரத்து எண்ணூற்று மூன்றில்
இதே ஊரை, இதே மெக்லன்பர்க்கிடம்
பன்னிரண்டரை லட்சம் தாலருக்கு
ஸ்வீடன் அடகு வைத்தது.
நூறு வருடத் தவணை.
தவணை வந்தது; மீட்க ஆள் வரவில்லை.
வளையலும் சங்கிலியும்
அடகுக் கடையில் மூழ்கிப்போகுமே,
அப்படித்தான் மூழ்கியது எங்கள் துறைமுகமும்,
ஒரு படிக்கட்டுகூட நனையாமல்.

பீர் கோப்பைக்கு அடியிலிருந்த அட்டையை உருவி
'நூறு ஆண்டு. அதே விலை' என்று எழுதினேன்.
ஹென்னிங் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.
ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது.

நூறு ஆண்டு என்றால் எங்களுக்கு ஐந்து வியாழன்.

இரண்டாவதில் உயிர் தப்பினேன்.
மூன்றாவதில் செம்புச் சுரங்கம்.
நான்காவதில் எண்ண எண்ணப் பொன்.
ஐந்தாவதில் ஹென்னிங் வரவில்லை.
கப்பல் பட்டறையில் ஆட்குறைப்பு;
லைப்சிக்கில் ஏதோ பேட்டரி ஆலையாம்,
திங்களே சேரச் சொல்லிவிட்டார்களாம்.
மெக்லன்பர்க்கை இயந்திரம் ஆண்டது.

ஆயிரத்து இருநூறு வைத்தேன்.
நம்பிக்கை, கூட்டல் நாற்பது.
பழைய நட்பு, கூட்டல் பத்து.
தாய்நிலம், கழித்தல் ஆயிரம்.
இரண்டாயிரம் வைத்தேன்.
காட்லாந்துத் தீவை வைத்தேன்.
"பின்லாந்தையும் வைத்துப் பாரேன்" என்றாள் ஃப்ராவ்கெ,
அக்கறையே உருவாக.
இயந்திரம் ஒவ்வொரு முறையும்
மாட்சிமை தங்கிய அரசியாரே என்றழைத்து மறுத்தது.

அட்டையைத் திரைக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.
டெட்லெஃபுக்கு மூக்கு வழியாக பீர் வந்தது.

போன் போட்டேன்.
"எடுத்துக்கோ, உன்னுடையதுதானே" என்றான் ஹென்னிங்.
பின்னால் பெட்டிகளில் டேப் கிழிபடும் சத்தம்.
"நீ சொல்லி என்ன?
நாற்காலியில் நீ இல்லையே."

அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "வெளியே காற்று அடிக்கிறதா?" என்றான்.

ஜன்னலைத் தள்ளித் திறந்து
போனைக் கைநீளத்துக்கு வெளியே நீட்டினேன்.
கடற்பறவைகள்,
பாய்மரக் கம்பத்தில் கயிறு மோதும் டிக் டிக்,
யாரோ நாயைக் கூப்பிடும் குரல்.
எவ்வளவு நேரம் கேட்டானோ,
என் விரல்கள் மரத்துப்போயின.

உள்ளே திரும்பினால்
ஃப்ராவ்கெ தன் முறையை முடித்திருந்தாள்.
பின்லாந்து போயிருந்தது.