ஊதக்கூடாது

முதல் விதி அதுதான். ஊதினால்
எச்சில் தெறிக்கும். எச்சில் காய்ந்த இடத்தில்
சாயம் புள்ளி வைக்கும்.
மூன்று நாற்காலிகளைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

டோங்காட்டில் ஜூலை மாதம்
கரும்புக்காட்டுக்குத் தீ வைக்கிறார்கள்.
கொடியில் காயும் பள்ளிச் சட்டைகளின் மேல்
கருப்பாய், நீளமாய், எடையே இல்லாமல்
வந்து உட்காரும் சாம்பல்.
தொட்டால் மை. தொடாவிட்டால்
அடுத்த காற்றில் தானே எழுந்து போய்விடும்.

கராஜின் நடுவில், இரண்டு முக்காலிகளின் மேல்
படுத்திருக்கிறது மிசஸ் படையாச்சியின் வாசற்கதவு.
கீயாட் மரம். வேங்கைக்குச் சொந்தம்;
வெட்டினால் இதற்கும் சிவப்பாய் வடியும்.
திருடர்கள் கடப்பாரை போட்டு நெம்பிய இடத்தில்,
பூட்டைச் சுற்றி உள்ளங்கை அகலம்,
புதுத்துண்டு பொருத்தி
உப்புத்தாள் எண்பது, நூற்றிருபது, நூற்றெண்பது.
கண்ணை மூடித் தடவினால்
ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்று எட்டிப் பார்த்தான் தயாளன்.
"முடிஞ்சுது" என்றேன். பொய்.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
இந்த வாரம் எங்கள் தெருவுக்கு மாலை முறை, ஆறரை வரை.
வாக்குவம் பாதிக் கதவில் மூச்சை விட்டது.
மீதியைத் தூரிகையால் தள்ளினேன், ரேகையின் போக்கிலேயே.
கீயாட் தூள் ஏறினால் மூக்குப்பொடி தோற்றுவிடும்.
ஏழு தும்மல்,
ஏழையும் கதவுக்கு முதுகு காட்டித் தும்மினேன்.
பிறகு கையில் மாட்டிக்கொண்டேன் பழைய ஸ்டாக்கிங்கை.
பதினொரு வருடம் வங்கிக் கவுன்ட்டருக்குப் போட்டுப் போனது;
இப்போதுதான் உருப்படியாய் ஒரு வேலை செய்கிறது.
சிலும்பு எங்கே ஒளிந்திருந்தாலும்
நின்று, பிடித்து, இழுத்துக் காட்டும்.

ஐந்தரைக்குள் இருட்டிவிட்டது. டார்ச்சைக்
கதவோடு கதவாய்ப் படுக்கவைத்து அடித்தேன்.
மேலிருந்து அடித்தால் கதவு சுத்தம்.
சாய்த்து அடித்தால்
ஒவ்வொரு துகளுக்கும் ஒரு நிழல்,
ஒவ்வொரு நிழலும் துகளைவிடப் பத்து மடங்கு.
பட்டப்பகலில் பார்த்து
எத்தனை கதவுகளை "ஆயிற்று" என்று அனுப்பியிருக்கிறேன்!

துணியில் டர்பன்டைன். ஒரே இழுப்பு.
மரம் விழித்துக்கொண்டது.
வார்னிஷுக்குப் பிறகு வரப்போகிற நிறம்
இரண்டு நிமிடம் முன்னதாக வந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
அந்த இரண்டு நிமிடத்தில்தான்
பூட்டருகே தெரிந்தது, வெளிறிய ஒரு கட்டைவிரல்.

என்னுடையது.
பசை தொட்ட கையோடு பிடித்திருக்கிறேன்.
துடைத்தால் போகிற தூசி இல்லை.
சாயம் அங்கே ஏறாது.
மிசஸ் படையாச்சி தினமும் சாவி போடுகிற இடத்தில்
இன்னொருவர் விரல் காத்திருக்கும்.
ஏற்கெனவே ஒருவன் கைவைத்த கதவு.

மறுபடி உப்புத்தாள்.
ஆகவே மறுபடி தூசி, தூரிகை, ஸ்டாக்கிங், டார்ச், துணி.
தயாளன் சாப்பிடக் கூப்பிட்டது கேட்டது.
பீன்ஸ் கறி ஆறட்டும்.

ஆறு முப்பத்திரண்டுக்கு வெளிச்சம் வந்தது.
பக்கத்து வீட்டு டிவி பாதி வாக்கியத்திலிருந்து பேசியது.
நான் இன்னும் டின்னைத் திறக்கவில்லை.
நடந்தால் என்னோடு தூசியும் நடக்கும்:
சட்டைக்கை, கூந்தல், புருவம்.
ஷட்டரை இறக்கிவிட்டுக் கால் மணிநேரம்
அசையாமல் நிற்கிறேன்.
காற்று தன் கையில் இருப்பதையெல்லாம்
கீழே வைக்கட்டும்.

பாக்கெட்டில் போன் அதிர்கிறது. அதிரட்டும்.

ஷட்டர் இடுக்கில் நுழைந்த ஒரு கரும்புச் சாம்பல்
பல்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
நேராகப் புதுத்துண்டின் மேல் இறங்குகிறது.
வாய் தானாகக் குவிகிறது.

மூடிக்கொள்கிறேன்.